சாய்மனைக் கதிரைக்கு மூன்று சில்லு

ஐப்பசி பிறந்த இரண்டாவது கிழமையே எங்கள் ஒழுங்கையில் வெள்ளம் கட்டிவிட்டது. நிலத்திலிருந்து ஒரு சாணுக்குச் சற்று மேலே ஆசனம் உள்ள வண்டியில் அந்த வெள்ளத்துக்குள் இறங்குவது சவாரியில் சேராது, குளிப்பில்தான் சேரும். ஆகவே என் மூன்று சில்லுச் சைக்கிளை வளவின் பின்பக்கத்து வெங்காயக் கொட்டிலுக்குள் தள்ளிச் சென்று, வெங்காயப் பிடிகளைத் தொங்கவிடும் வளைகளில் கயிறு போட்டு, இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டினேன். இந்த முறை வெங்காயம் நடாதபடியால் கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. தைப்பொங்கலுக்குள் வண்டியை இறக்கி ஓட வேண்டும் என்பது நான் எனக்கு வைத்த தவணை.

இந்த வண்டியை அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம். முன்னால் இரண்டு சிறிய சில்லுகள், பின்னால் ஒரு பெரிய சில்லு, நடுவில் சாய்ந்து இருக்கும் ஆசனம். பெடல்கள் காலுக்குக் கீழே இருப்பதில்லை. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாயின் நுனியில் இருக்கின்றன. கைகள் தொடைகளின் இருபுறமும் தொங்கியபடி ஹாண்டிலைப் பிடிக்கும். இதை முதன்முதலில் கண்ட எங்கள் அயலவர் ஒருவர், "சேர், சாய்மனைக் கதிரைக்குச் சில்லுப் பூட்டி வைச்சிருக்கிறியள்" என்றார். அதைவிடச் சிறந்த வரைவிலக்கணம் எனக்கு இன்றுவரை அகப்படவில்லை. முதுகெலும்புச் சவ்வு விலகியதால் குனிந்து சைக்கிள் ஓடக்கூடாது என்று வைத்தியர் தடுத்த காலத்தில், ஜேர்மனியில் இருக்கும் மைத்துனர் தாம் ஏழெட்டு வருடம் ஓடிய வண்டியைக் கழற்றிப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பினார்.

சாய்ந்து ஓடும் சைக்கிள் நோயாளிகளுக்கு மட்டுமானது என்ற எண்ணம் இங்கே பலருக்கு இருக்கிறது. 1933 யூலையில் பிரான்ஸ் நாட்டின் பிரான்சிஸ் போர் என்பவர் சார்ள்ஸ் மொஷே வடிவமைத்த சாய்வுச் சைக்கிளில் ஒரு மணித்தியாலத்தில் 45.055 கிலோமீற்றர் ஓடி, ஒஸ்கார் எக் 1914 இல் சாதாரண சைக்கிளில் நிலைநாட்டியிருந்த 44.247 கிலோமீற்றர் சாதனையைத் தாண்டினார். மறுவருடமே சர்வதேச சைக்கிளோட்டச் சங்கம் பந்தயச் சைக்கிளுக்குப் புதிய வரைவிலக்கணம் எழுதி, சாய்வுச் சைக்கிளை வெளியே தள்ளிவிட்டது. வேகம் போதாமல் விலக்கப்பட்ட வண்டி அல்ல இது. கிழவர்களின் வண்டி என்று சிரிக்கும் இளைஞர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுவேன். அவர்கள் நம்புவதில்லை; நானும் வேகமாக ஓடிக் காட்டுவதில்லை.

வண்டியின் குறை வேறிடத்தில் இருந்தது. அது வேறொரு ஊருக்காகச் செய்யப்பட்டது. அதன் கியர்கள் மலை ஏறுவதற்கானவை. யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. அதன் ஒற்றைக் கண்ணாடி இடப்பக்கம் இருந்தது; நாங்கள் வீதியின் இடப்பக்கமாகப் போகிறோம், பின்னால் வரும் பஸ் எங்களை வலப்பக்கத்தால்தான் முந்துகிறது. அதன் கறுப்புப் பஞ்சு ஆசனம் குளிர்நாட்டில் முதுகுக்கு இதமாக இருந்திருக்கும். பங்குனி வெயிலில் அது தோசைக் கல். கடற்காற்றின் உப்பு அதன் கணக்கிலேயே இல்லை. ஆகவே வண்டியை வேகமாக்குவதோ விலை கூடியதாக்குவதோ என் நோக்கமாக இருக்கவில்லை. அதை இந்த ஊர்க்காரனாக்க வேண்டும் என்பதே நான் வகுத்த வேலை.

கழற்றத் தொடங்கிய முதல் நாளே வேலை நின்றுவிட்டது. மைத்துனர் என்னைவிட உயரமானவர். பெடல்கள் இருக்கும் முன்குழாயை நான் உள்ளே தள்ளிச் சுருக்க வேண்டியிருந்தது. இரண்டு வருடமாக முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துச் சமாளித்து வந்தேன். இறுக்கும் போல்டுகளைத் தளர்த்திய பின்னும் குழாய் அசையவில்லை. துரு இரண்டு குழாய்களையும் ஒன்றாக்கிவிட்டிருந்தது. ஒவ்வொரு இரவும் இடுக்கில் மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் கலந்து ஊற்றி, ஒவ்வொரு காலையும் மரச் சுத்தியலால் இருபக்கமும் மெல்லத் தட்டினேன். ஆறாம் நாள் தட்டும் ஓசை மாறியது. குழாய் ஒரு மயிரளவு திரும்பியது. அன்று பின்னேரம் அது முழுதாக வெளியே வந்தபோது உள்ளே ஒரு சிரட்டை நிறையத் துருத்தூள் இருந்தது. அதன்பின் உட்பக்கத்தை மணல்தாளால் உரஞ்சி, கிறீஸ் தடித்துப் பூசி, பூட்டும் இடத்தின் மேல் பழைய ரியூப் துண்டு ஒன்றை உறைபோல மாட்டினேன்.

குழாயை ஒன்பது சென்ரிமீற்றர் சுருக்கினேன். செயினின் ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம், அதாவது 1.27 சென்ரிமீற்றர். ஒன்பதை அதனால் வகுத்தால் ஏழு வரும்; உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் சோடியாகவே கழரும் என்பதால் ஆறு கண்ணிகளைக் கழற்றினேன். செயின் தொய்ந்து தரையைத் தொட்டது. செயின் முன்னே போய்த் திரும்பி வருகிறது என்பதையும், ஒன்பது சென்ரிமீற்றர் இருமுறை குறைகிறது என்பதையும், முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவன் மறந்துவிட்டேன். கழற்ற வேண்டியவை பதினான்கு. நல்லவேளை, பிழை குறைவாகக் கழற்றிய பக்கம் நிகழ்ந்தது. சாதாரண சைக்கிளின் செயின் மூன்றை இணைத்தால்தான் இந்த வண்டிக்கு எட்டும் என்பதால், அதிகமாகக் கழற்றி வீணாக்குவது மலிவான பிழை அல்ல.

இனி கியர். என் மனதில் அதிகம் ஓடியது இதுதான். வண்டியோடு வந்தவை முன்னால் 30, 42, 52 பற்கள் கொண்ட மூன்று பற்சக்கரங்கள், பின்னால் 11 முதல் 32 பல் வரை ஒன்பது. முன் பல்லைப் பின் பல்லால் வகுத்துப் பின்சில்லின் விட்டத்தால் பெருக்கினால் கியரின் அளவு அங்குலத்தில் கிடைக்கும். மிகக் குறைந்தது 30 ஐ 32 ஆல் வகுத்து 26 ஆல் பெருக்க ஏறக்குறைய 24 அங்குலம். மிகக் கூடியது 52 ஐ 11 ஆல் வகுத்து 26 ஆல் பெருக்க ஏறக்குறைய 123 அங்குலம். முதலாவது மலைச்சரிவில் ஏறுவதற்கு; இரண்டாவது அதே சரிவில் இறங்குவதற்கு. பலாலி வீதியில் இரண்டும் அலங்காரம்.

அப்படியானால் எங்களுக்கு எந்த அளவு வேண்டும்? விடை சுவரில் சாய்த்து வைத்திருந்த என் பழைய சைக்கிளிலேயே இருந்தது. அதில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல், சில்லு 28 அங்குலம். கணக்குப் பார்த்தால் 68 அங்குலம் சொச்சம். பெடல் ஒரு சுற்றுச் சுற்ற வண்டி ஏறக்குறைய 5.5 மீற்றர் நகரும். அந்த ஒரேயொரு கியரில்தான் எரிபொருள் இல்லாத காலங்களில், தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையிலும் பின்னர் 2022 இன் நெருக்கடியிலும், இந்த ஊர் முழுவதும் நெல்லும் விறகும் நோயாளியும் சுமந்து ஓடியது. அதை வகுத்தவர்கள் யாராக இருந்தாலும் சமதரையை நன்றாக அறிந்தவர்கள். ஆனால் அந்தச் சைக்கிளில் மாரியில் வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்கு எதிராகவோ, தென்மேற்கிலிருந்து வீசும் சோழகத்துக்கு எதிராகவோ, நகரைத் தீவுகளோடு இணைக்கும் பண்ணைப் பாலத்தைக் கடந்தவர்களுக்கு, 68 அங்குலம் எப்போது போதாமல் போகும் என்பதும் தெரியும். எங்கள் மலை காற்றுத்தான். அது நகரும் மலை. வாடையில் திரும்பும் பாதையில் இருக்கும், சோழகம் வந்தால் போகும் பாதைக்கு மாறிவிடும். சாய்ந்திருப்பதால் காற்று இந்த வண்டியைக் குறைவாகவே தாக்கும் என்பது உண்மை. ஆனாலும் எழுந்து நின்று உடல் பாரத்தைப் பெடலில் போட முடியாது. கால் பலம் முடிந்தால் முடிந்ததுதான். ஆகவே காற்றுக்கென்று ஒரு தாழ்ந்த கியர் கட்டாயம் வேண்டும்.

முன்னாலிருந்த மூன்றையும், அவற்றை மாற்றும் பொறியையும், அதன் கம்பியையும் கழற்றிவிட்டு 38 பல் ஒன்றை மட்டும் பூட்டினேன். பின்னாலிருந்த ஒன்பதில் கைவைக்கவில்லை. இப்போது மிகத் தாழ்ந்தது 31 அங்குலம். நிமிடத்துக்கு 75 சுற்று மிதித்தால் மணிக்குப் பதினொரு கிலோமீற்றர், எதிர்காற்றில் மூச்சு வாங்காமல். மிக உயர்ந்தது 90 அங்குலம். காற்று முதுகில் இருக்கும்போது போதும். நடுவில் 14 பல்லில் 70.6 அங்குலம் வந்து நிற்கிறது, பழைய சைக்கிளின் 68 க்கு மிக அருகில். வண்டி பெரும்பாலும் இந்தப் பல்லிலேயே ஓடும் என்று பட்டறையில் இருந்தபோதே சொல்லக்கூடியதாக இருந்தது.

மோட்டார் பூட்டுவதைப் பற்றியும் யோசித்தேன். பெடல் அச்சு செல்லும் உருளை 68 மில்லிமீற்றர் அகலம் என்பதால் சந்தையிலுள்ள நடு மோட்டார்கள் பொருந்தும். ஆனால் லித்தியம் பற்றரியைச் சாதாரண பொதியில் அனுப்ப முடியாது; வந்தாலும் உப்புக்காற்றில் அதன் இணைப்புகளைக் காப்பது தனி வேலை. சமதரையில் காற்றுக்காக மட்டும் ஒரு மோட்டாரா என்று கேட்டபோது எனக்கே வெட்கமாக இருந்தது. முழங்கால் கேட்கும் நாளில் பார்க்கலாம்.

செயினைத் தாங்கும் கப்பியின் போல் பெயாரிங் சுற்றும்போது கிறீச்சிட்டது. அதன் மேல் 608 என்ற எண் இருந்தது: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிப்பு 7 மில்லிமீற்றர். சில்லுச் சப்பாத்தில் இருப்பதும் இதேதான். ஆகவே நகரில் எளிதாகக் கிடைத்தது. வாங்கும்போது தகர மூடி உள்ளதைத் தவிர்த்து இறப்பர் மூடி உள்ளதையே கேட்க வேண்டும். தகர மூடி புழுதியைத் தடுக்கும், உப்புத் தண்ணீரைத் தடுக்காது. ரயர் வாங்கியதில் மட்டும் ஒருமுறை ஏமாந்தேன், கடைக்காரர் மேல் குற்றமில்லை. பின்சில்லு 26 அங்குலம் என்று சொன்னேன், 26 அங்குல ரயர் தந்தார், அது றிம்மில் பிடித்து நிற்காமல் தொளதொளத்தது. 26 × 1⅜ என்று பின்னத்தில் எழுதியிருந்தால் றிம்மின் அளவு 590 மில்லிமீற்றர். 26 × 1.75 என்று தசமத்தில் எழுதியிருந்தால் 559. எனக்கு வேண்டியது இரண்டாவது. 20 அங்குலத்திலும் இதே பொறி உண்டு: பின்னத்தில் 451, தசமத்தில் 406. முன்சில்லுகளுக்கு வேண்டிய 406, சிறுவர் சைக்கிள்களின் அளவே என்பதால் அந்தக் கவலை இல்லை.

அந்த முன் ரயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாரிக்கு முன் பூட்டிய சோடி அறுநூறு கிலோமீற்றரில் மொட்டையாகிவிட்டது. செம்மண்ணும் குன்றும் குழியுமான வீதியும் காரணம் என்று நம்பியிருந்தேன். வண்டியைக் கொட்டிலில் இறக்கி, இரு சில்லுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அச்சின் உயரத்தில் முன்விளிம்பில் ஒருமுறையும் பின்விளிம்பில் ஒருமுறையும் அளந்தபோது உண்மை வெளிவந்தது. முன்பக்கம் பின்பக்கத்தைவிட 6 மில்லிமீற்றர் விரிந்திருந்தது; அதாவது சில்லுகள் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகப் பார்த்தன. ஒவ்வொரு சில்லுக்கும் 3 மில்லிமீற்றர் விலகல், றிம்மின் குறுக்களவு ஏறக்குறைய 420. கணக்கிட்டால் ஒரு கிலோமீற்றர் ஓடும்போது ஒவ்வொரு ரயரும் ஏழு மீற்றர் பக்கவாட்டில் இழுபட்டுத் தேய்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து காரைநகர் போய் வருவதற்குள் எவ்வளவு இறப்பரை வீதியில் பூசிவிட்டு வந்திருப்பேன் என்று நினைக்கவே பொறுக்கவில்லை.

சரியான நிலை, முன்பக்கம் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் ஒடுங்கியிருப்பது. இரு சில்லுகளையும் இணைக்கும் தண்டின் ஒரு நுனியில் வலப்புரியும் மறுநுனியில் இடப்புரியும் இருப்பதால், தண்டைச் சுழற்றினாலே நீளம் கூடும் அல்லது குறையும். ஆனால் ஆள் ஏறி இருந்ததும் சட்டம் சற்று வளைந்து இந்த அளவு மாறிவிடும். ஆகவே வெறும் வண்டியில் அளப்பது பயனில்லை. நான் அளக்க வேண்டும், அதேவேளை நானே இருக்கவும் வேண்டும். மனைவியை இருத்தினேன். அவர் என்னைவிட நிறை குறைவு என்பதால் பத்துக் கிலோ அரிசிப் பையையும் மடியில் வைத்தேன். "இஞ்சாருங்கோ, அரிசி கொட்டினால் நீங்கள்தான் குந்தியிருந்து பொறுக்கவேணும்" என்றார் அவர். அளப்பதும், அவரை எழுப்பாமல் தண்டைத் திருகுவதும், வண்டியை ஒரு முழம் முன்னே தள்ளி மீண்டும் அளப்பதுமாக ஒரு முற்பகல் போயிற்று. ஒரு மில்லிமீற்றர் ஒடுக்கத்தில் நிறுத்தி, பூட்டும் நட்டுகளை இறுக்கினேன்.

திரும்பும்போது உட்பக்கச் சில்லு வெளிச்சில்லைவிட அதிகமாகத் திரும்ப வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. குதிரை வண்டிக் காலத்தில் மியூனிக்கைச் சேர்ந்த லங்கென்ஸ்பேர்கர் கண்டுபிடித்ததற்கு, லண்டனில் அவருக்காக 1818 இல் உரிமம் பெற்ற அக்கர்மனின் பெயர் நிலைத்துவிட்டது. என் வண்டியில் அது சரியாகவே இருந்தது. செய்தவர்களைப் பாராட்டிவிட்டு விட்டுவிட்டேன்.

மட்காட் இல்லாத முன்சில்லுகள் செம்மண் தண்ணீரை நேரே முழங்கைக்கு அனுப்பும். பழைய இரும்புக் கடையில் சிறுவர் சைக்கிளின் மட்காட்டுகள் இரண்டு கிடைத்தன. அவற்றைத் தாங்கும் கம்பிகளைச் சட்டத்தில் ஒட்டித் தரும்படி ஒட்டுவேலைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த இளைஞர் குழாயை விரல் நகத்தால் சுண்டிக் கேட்டுவிட்டு, "சேர், இது மெல்லிய தகடு. நான் ஒட்டினால் ஓட்டை விழும், விழாட்டி பக்கத்தில வெடிக்கும். கிளிப் அடிச்சுத் தாறன்" என்றார். வேலையை மறுத்துச் சரியான வழியைச் சொல்லும் தொழிலாளியை நம்பலாம். அவர் வளைத்துத் தந்த இரண்டு பட்டிகளும் இறப்பர்த் துண்டின் மேல் இறுக்கப்பட்டு அசையாமல் நிற்கின்றன.

ஆசனத்துக்கு முதலில் நைலோன் கயிறு பின்னிப் பார்த்தேன். இரண்டு நாளில் தொய்ந்து, நான் தொட்டிலில் கிடப்பதுபோல் ஆயிற்று. பிறகு ஆட்டோக்களுக்கு ஆசன உறை தைக்கும் கடையில் காற்றுப் புகும் வலைத்துணியை இரண்டு மடிப்பாகத் தைத்து, விளிம்பில் கண்கள் அடித்து, கயிற்றால் முறுக்கிக் கட்டினேன். சாய்வைச் சற்று நிமிர்த்தினேன். காற்று அதிகம் பிடிக்கும் என்பது தெரிந்துதான் செய்தேன். சந்திகளில் மதில்களுக்கு மேலால் எட்டிப் பார்க்க முடியாத வண்டியில் சாய்ந்திருப்பது சுகம், ஆனால் புத்தியல்ல. வலப்பக்கத்துக் கண்ணாடி, பின்விளக்கு, தூண்டில் தடியில் ஏற்றிய ஒளிரும் மஞ்சள் துணி எல்லாம் அதே காரணத்துக்காக. துணியைப் பார்த்து எந்தக் கட்சி என்று சிறுவர்கள் கேட்கிறார்கள்.

மூன்று சில்லு வண்டி விழாது, ஆனால் நிறுத்திய இடத்தில் நிற்காது. பிறேக் பிடியைச் சுற்றிப் போட ரியூப்பில் வெட்டிய ஒரு வளையம் அந்தக் குறையைத் தீர்த்தது. பின்தாங்கியில் பனைநார்க் கடகம் ஒன்றைக் கட்டியிருக்கிறேன். வெளிநாட்டுப் பைகள் அழகானவைதான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய பூசணிக்காய் அவற்றுக்குள் போகாது.

கழுவும் வேலைக்கு மட்டும் மாரியே கைகொடுத்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவதால் காய்ந்த இடமெல்லாம் வெள்ளை படியும். கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைத்து, இப்போதும் கடலோரம் போய் வந்த ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீரால்தான் துடைக்கிறேன். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் பூசச் சொன்னவர்கள் பலர். அது பிசினாகிப் புழுதியைப் பிடிக்கும் என்பதைப் பழைய சைக்கிளில் ஏற்கெனவே படித்திருந்தேன்.

பொங்கலுக்கு மறுநாள் காலை, கோட்டையைக் கடந்து பண்ணைப் பாலத்தில் இறங்கினேன். போகும்போது வாடை முதுகில். 90 அங்குலத்திலும் பெடல் தானாகச் சுற்றியது. மண்டைதீவுச் சந்தியில் திரும்பியதும் அதே காற்று முகத்தில் வந்து அறைந்தது. ஒவ்வொரு பல்லாக இறக்கி, மிகத் தாழ்ந்ததற்கு ஒரு பல் முன்பாக நின்றேன். கடைசிப் பல் கையிருப்பில் இருந்தது. மீன் பெட்டி கட்டிய சைக்கிளில் ஒருவர் எழுந்து நின்று மிதித்தபடி என்னை முந்தினார். கொஞ்சத் தூரத்தில் அவர் இறங்கித் தள்ளத் தொடங்கியபோது நான் அவரைக் கடந்தேன். "இருந்துகொண்டே போறியள்" என்றார்.

இதை எழுதும்போது வண்டி அதன் பின்னர் இருநூற்று நாற்பது கிலோமீற்றர் ஓடிவிட்டது. வலக்கண்ணாடி இன்னும் அதிர்கிறது, அதற்கு வழி காணவில்லை. இன்று காலை முன்சில்லுகளைக் கையால் தடவிப் பார்த்தேன். புது ரயரில் வார்ப்பச்சு விட்டுச்செல்லும் இறப்பர் மயிர்கள் ஓரங்களில் அப்படியே இருக்கின்றன.